மடங்கிய கட்டைவிரல்: அபு ஹுரேராவின் அரைகல் பெண்கள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

அபு ஹுரேரா என்பது வடக்கு சிரியாவில் இருந்த ஒரு பழைய ஊர். இந்த நிகழ்வில் வருகிற யாருடைய பெயரும் நமக்குத் தெரியாது. எழுத்து பிறப்பதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பு வாழ்ந்தவர்கள். எலும்பு, பல், வீட்டுத் தரை, அரைகல், கருகிய தானியம் என்று அவர்கள் விட்டுப்போனதை வைத்துத்தான் பேச முடியும். ஆனால் வேலையால் உடம்பு கெட்ட ஒரு கூட்டத்தைப் பற்றி முழுக் குறிப்பு எழுத அதுவே போதும். மனிதன் விவசாயம் செய்யத் தொடங்கினான், ஓரிடத்தில் தங்கினான் என்று பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் தாண்டிவிடுகிறோம். அந்த இரண்டு வரியின் பாரம் யார் முட்டியில் இறங்கியது என்று கேட்கிறவர்கள் குறைவு. கேட்டவர் ஒருவர் இருந்தார். அவர் கண்டதையும், அதை அவர் எப்படிக் கண்டார் என்பதையும், இன்று அதே வேலையைச் செய்தால் எதை மாற்ற வேண்டும் என்பதையும் இங்கே வரிசையாக வைக்கிறேன்.

பின்னணி: ஆற்றங்கரை ஊர்

அபு ஹுரேரா வடக்கு சிரியாவில், யூப்ரடீஸ் ஆற்றின் தென்கரையில், அலெப்போ நகரத்துக்குக் கிழக்கே சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஒரு மண்மேடு. பரப்பு 11.5 ஹெக்டேர், நம் கணக்கில் 28 ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். ஒரே இடத்தில் வீடு கட்டி, அது இடிந்ததும் அதன் மேலேயே இன்னொன்று கட்டி, தலைமுறை தலைமுறையாக உயர்ந்த மேடு அது.

அங்கே இரண்டு ஊர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. முதலாவது சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முந்தியது. தரையில் குழி தோண்டிக் குடிசை போட்டு, வேட்டையாடியும் காட்டுத் தானியம் பொறுக்கியும் வாழ்ந்த சிறு கூட்டம். இரண்டாவதுதான் நம்முடைய நிகழ்வு நடந்த ஊர். சுமார் 10,500 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, கி.மு. 6000 வாக்கில் முடிந்த உழவர் ஊர். மண் செங்கல்லால் கட்டிய செவ்வக வீடுகள், வீட்டுக்குப் பல சிறு அறைகள், இரண்டு வீடுகளுக்கு நடுவே ஆள் நுழையும் அளவுக்குச் சந்து. பல வீடுகளில் தரைக்குக் கரிய சாந்து பூசித் தேய்த்து மெருகேற்றியிருந்தார்கள். இறந்தவர்களை வீட்டுக்குள்ளேயே தரைக்கு அடியிலும், முற்றத்திலும் புதைத்தார்கள். ஊர் பெருத்திருந்த காலத்தில் சில ஆயிரம் பேர் இருந்திருக்கலாம் என்பது அகழாய்வாளர்களின் கணிப்பு.

கோதுமை, பார்லி, ரை, பருப்பு வகைகள் விளைந்தன. ஆனாலும் கறிக்கு ஆடு வளர்ப்பதை நம்பி அவர்கள் உடனே இறங்கவில்லை. முதல் ஆயிரம் ஆண்டு அளவுக்குக் கிடைத்த விலங்கு எலும்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் கெசல் மானுடையது. வெயில் தொடங்கும் பருவத்தில் வடக்கு நோக்கி இடம்பெயரும் மான் மந்தைகளை வழிமறித்து மொத்தமாகக் கொன்றிருக்கிறார்கள். மான் குட்டிகளின் பற்களில் வயது வருடம் வருடமாகத் தள்ளி நிற்பதிலிருந்து, வேட்டை ஆண்டுக்கு ஒரே பருவத்தில்தான் நடந்தது என்று கண்டுபிடித்தார்கள். அப்புறம் மந்தைகள் குறைந்து, கணக்கு தலைகீழாகி, செம்மறியும் வெள்ளாடும் மான் இருந்த இடத்தைப் பிடித்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வேட்டை பருவத்துக்கு வரும், போகும். தானியம் அப்படியில்லை. அது தினமும் தின்னத் தகுந்ததாக ஆக்கப்பட வேண்டும்.

தோண்டியது: தண்ணீர் வருவதற்கு முன்

1970களின் தொடக்கத்தில் யூப்ரடீஸின் குறுக்கே தப்கா அணை எழுந்துகொண்டிருந்தது. அணை முடிந்தால் மேடு மூழ்கும். தொல்லியலாளர் ஆண்ட்ரூ மூர் தலைமையில் 1972, 1973 என இரண்டே பருவங்கள் தோண்ட நேரம் கிடைத்தது. முழு மேட்டையும் திறக்க வாய்ப்பே இல்லை. அதனால் மேட்டின் வெவ்வேறு பக்கங்களில் ஏழு குழிகள் போட்டு, எவ்வளவு ஆழம் முடியுமோ அவ்வளவு இறங்குவது என்று முடிவெடுத்தார்கள்.

இரண்டாவது முடிவு அதைவிட முக்கியம். தோண்டிய மண்ணைக் கொட்டிவிடாமல் தண்ணீரில் கரைத்தார்கள். கருகிய விதை மேலே மிதக்கும், மண் அடியில் தங்கும். மிதந்ததை வடித்து, காயவைத்து, கார்டன் ஹில்மன் என்ற தாவரவியலாளர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். முதல் ஊரின் மக்கள் மட்டுமே 150க்கும் மேற்பட்ட தாவர வகைகளைத் தின்றிருக்கலாம் என்று இதிலிருந்துதான் தெரிந்தது. உழவர் ஊரில் அந்த விரிவு சுருங்கி, சாப்பாடு சில பயிர்களின் மேல் வந்து நின்றது.

பிறகு தண்ணீர் ஏறியது. இன்று அந்த மேடு அசாத் ஏரிக்கு அடியில் கிடக்கிறது.

முதலில் கண்டது: எலும்பில் ஒரு முரண்

மனித எலும்புகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தியா மாலிசன் என்ற எலும்பு ஆய்வாளரிடம் சென்றன. மொத்தம் 162 பேரின் எச்சங்கள். அவர்களில் 75 பேர் குழந்தைகள். வளர்ந்தவர்கள் 87 பேர்; 44 பேர் பெண்கள், 27 பேர் ஆண்கள், 16 பேர் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத நிலை.

பொதுவாகப் பார்த்தால் ஆரோக்கியமான மக்கள். ஊட்டக்குறைவால் எலும்பு வளைந்து கிடந்த கூட்டம் இல்லை இது. ஆனால் சில எலும்புகள் மட்டும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி கெட்டிருந்தன. முதுகின் கடைசி மார்பு முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. தொடை எலும்பு வளைந்து, தடித்திருந்தது. முட்டியில் கூடுதலாக எலும்பு வளர்ந்திருந்தது. மேற்கையில் தோள் தசை ஒட்டும் இடமும், முன்கையில் தசைநாண் பிடிக்கும் இடமும் கடுமையாக உழைத்தவருடையதைப் போலப் புடைத்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாகக் காலின் கட்டைவிரல். அதன் அடி மூட்டு அகன்று, தேய்ந்து, சிலருக்கு வாதம் கண்டு அழிந்திருந்தது.

ஒரு மூட்டில் வாதம் என்றால் வயது என்று சொல்லிவிடலாம். கட்டைவிரல், முட்டி, இடுப்புக்கு மேலே ஒரு குறிப்பிட்ட முள்ளெலும்பு, தோள் ஆகிய நான்கும் சேர்ந்து வந்தால் அது வயதுக் கணக்கில் அடங்காது. இந்த நான்கையும் ஒரே நேரத்தில் வருத்தும் ஏதோ ஒரு வேலை, வருடக்கணக்கில் நடந்திருக்க வேண்டும். மாலிசன் இந்த இடத்தில் அவசரப்படவில்லை என்பதுதான் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது. மூட்டுகளைத் தனித்தனி நோயாக எழுதிவைக்காமல், இவை சேர்ந்து எந்த நிலையில் வேலை செய்யும் என்று தேடினார்.

காரணம் தேடியது: எந்த நிலையில் உட்கார்ந்தால் இப்படி ஆகும்?

விடை மண்டியிடுவதில் இருந்தது. ஆனால் நாம் கோயிலில் மண்டியிடுவது போலப் பாதத்தைப் பின்னால் நீட்டி அல்ல; கால்விரல்களை முன்பக்கமாக மடித்துத் தரையில் ஊன்றி. இதைப் படிக்கிறவர்கள் ஒருமுறை தரையில் செய்து பாருங்கள். விரல்களை மடித்து ஊன்றி, குதிகால் மேல் உட்கார்ந்து, உடம்பை முன்னுக்கு நீட்டி, மறுபடி பின்னுக்கு இழுங்கள். ஐந்து நிமிடத்தில் கட்டைவிரலின் அடியில் ஒரு சுளீர் வலி வரும். உடம்பின் பாரம் முழுவதும் அந்த ஒரு மூட்டில்தான் போய் நிற்கிறது.

அந்த ஊரின் அறைகளில் கிடைத்த அரைகல் இதோடு பொருந்தியது. நடுவில் குழிந்த, குதிரைச் சேணம் போன்ற நீளக் கல். அதன் மேல் இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளும் குழவி. நம் அம்மிக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். ஆனால் அம்மியில் நாம் அரைப்பது மசாலாவும் துவையலும். ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி. அதுவும் குந்தியோ பலகையில் உட்கார்ந்தோ அரைப்போம். இவர்கள் அரைத்தது ஒரு குடும்பத்தின் முழுச் சாப்பாடு.

அசைவை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். கல்லின் ஒரு முனையில் மண்டியிட்டு, குழவியை முன்னோக்கித் தள்ளுகிறாள். தள்ளும்போது உடம்பு கிட்டத்தட்டத் தரைக்கு இணையாக நீள்கிறது. தோள் தசை கைகளை உள்நோக்கித் திருப்பிப் பிடிக்கிறது. மறுமுனை வந்ததும் சட்டென்று பின்னுக்கு இழுக்கிறாள். அந்த இழுப்புக்குப் பிடிமானம் முட்டியும் மடித்த கால்விரலும்தான். இடுப்பு ஊசலாடும் மையமாகிறது. கடைசி மார்பு முள்ளெலும்பு ஒவ்வொரு தள்ளலிலும் நசுங்குகிறது. கெட்டிருந்த ஒவ்வொரு எலும்பும் இந்த ஒரே அசைவுக்குள் வந்துவிடுகிறது. பழைய எகிப்தியக் கல்லறைகளில் வைத்த சிறு சிலைகளில் ஒரு பணிப்பெண் இதே போல் கல்லின் மேல் குனிந்து அரைப்பதைக் காணலாம்.

யார் அரைத்தார்கள்? இங்கேயும் ஒரு நல்ல முடிவு எடுக்கப்பட்டது. பல எலும்புக்கூடுகள் கலைந்து கிடந்ததால், ஒரு பாதம் எந்த இடுப்பெலும்புக்குச் சொந்தம் என்று எப்போதும் சொல்ல முடியவில்லை. ஆகவே மாலிசன் கட்டைவிரலுக்குப் பின்னால் பாதத்தில் இருக்கும் நீள எலும்பை அளந்தார். ஆண்களுக்கு அது பெரிது, பெண்களுக்குச் சிறிது. பாதிப்பு அதிகமாக இருந்தது சிறிய எலும்புகளில். அரைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். இது அப்பட்டமான ஊகம் இல்லை, அளவுகோலில் வந்த விடை.

ஒரு நாளின் வேலை

ஏன் தினமும்? உமியோடு இருக்கும் தானியம் மாதக்கணக்கில் கெடாது. உமி நீக்கி அரைத்துவிட்டால் நீண்ட நாள் தாங்காது. ஆகவே சேமிப்பு உமியோடுதான். அன்றைய தேவைக்கு அன்றே இடிக்க வேண்டும், புடைக்க வேண்டும், அரைக்க வேண்டும். உடம்பு சரியில்லாத நாள், கருவுற்ற நாள் என்று விலக்கு கொடுக்க அரைகல்லுக்குத் தெரியாது. சிலருடைய கழுத்து முள்ளெலும்புகள் பெருத்திருந்தன. தலையில் பாரம் சுமந்ததன் அடையாளம் அது. தானியம், விறகு, தண்ணீர், கட்டுமானப் பொருள் எல்லாம் மனிதத் தலையிலேதான் ஊருக்குள் வந்தன.

ஓரிடத்தில் தங்கி விளைவித்துச் சாப்பிடுவது என்ற முடிவு ஒரே நாளில் யாரும் எடுத்ததில்லை, ஆனால் எடுக்கப்பட்டது. காரணங்களும் வலுவானவை. சேமித்த தானியம் பஞ்ச காலத்தைத் தாண்டவைக்கும். ஒரே இடத்தில் நிறையப் பேர் வாழலாம். அதன் விலை மட்டும் எல்லாருக்கும் சமமாக விழவில்லை.

இரண்டாவது பாதிப்பு: பல்

அரைகல்லில் அரைத்த மாவில் கல்துகள் வரும். கூடவே சரியாக உடையாத முழுத் தானியமும் வரும். ஆரம்பகாலத்து மக்களின் பற்கள் கடுமையாகத் தேய்ந்திருந்தன; பலருக்குப் பல் சில்லுச் சில்லாக உடைந்திருந்தது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது பல்லின் மேற்பரப்பில் கடினமான துகள்கள் குத்திய பள்ளங்கள் தெரிந்தன. இந்தப் பாதிப்பு பெண்ணோடு நிற்கவில்லை. மாவு தின்ற எல்லாருக்கும் வந்தது.

ஊர் கண்ட தீர்வு ஒன்று: சல்லடை

காலம் போகப்போகப் பல்தேய்மானத்தின் தன்மை மாறுகிறது. குத்திய பள்ளங்கள் குறைகின்றன. மாவைச் சலிக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது மாலிசனின் வாசிப்பு. நாணலில் பின்னிய சல்லடை மண்ணில் மக்கிப்போகும். அது இருந்ததற்குச் சாட்சி பல்தான். பாய் முடைந்ததற்கு நேரடிச் சாட்சி உண்டு: தரையில் பதிந்த பாயின் அச்சு.

இங்கே இன்னொரு சிறு விவரம் கண்ணில் படுகிறது. சிலருடைய முன்பற்களில் குறுக்காக ஒரு பள்ளக்கோடு ஓடுகிறது. நாணலையோ நாரையோ பல்லிடுக்கில் பிடித்து இழுத்து இழுத்து விழுந்த கோடு. கூடை பின்னுகிறவர், பாய் முடைகிறவர், இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது மூன்றாவது கையாக வாயைப் பயன்படுத்தியிருக்கிறார். ஊரில் எல்லாருக்கும் இந்தக் கோடு இல்லை. ஒரு சிலருக்கு மட்டும்தான். அதாவது, அங்கே முடைவதற்கென்றே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். ஊர்ப் பற்களைக் காப்பாற்றிய சல்லடையைப் பின்னியது இவர்கள்தான் என்றால், அதற்கு அவர்கள் தங்கள் பல்லைத்தான் கொடுத்தார்கள்.

தீர்வு இரண்டு: பானை

மண்பானை ஊரின் கடைசிக் கட்டத்தில்தான் வருகிறது. அதற்குப் பிறகு தானியத்தை ஊறவைக்கலாம், வேகவைக்கலாம், கூழாகக் குடிக்கலாம். பல் உடைவது மேலும் குறைந்தது. கூழுக்கு அவ்வளவு நைசாக அரைக்கத் தேவையும் இல்லை.

உடனே வேறொன்று வந்தது. வெந்த மாவுச்சத்து பல்லில் ஒட்டும். சொத்தைப் பல் அதிகரித்தது. உடைந்த பல்லுக்குப் பதில் சொத்தைப் பல் என்று கணக்கு மாறியது.

குழந்தைகள் பக்கம் நடந்தது இன்னும் பெரியது. பல் இல்லாத குழந்தைக்குக் கொடுக்கக் கூழ் கிடைத்ததால், தாய்ப்பாலை முன்பைவிடச் சீக்கிரம் மறக்கடிக்க முடிந்தது. பால் நின்றால் அடுத்த கரு சீக்கிரம் தங்கும். பானைக் காலத்து அடுக்குகளில் பச்சிளங்குழந்தைகளின் எலும்பு கூடுகிறது. பிறந்தது கூடியதால் இறந்ததும் கூடியது என்று மாலிசன் கருதினார். பானை அரைகல்லின் சுமையைக் கொஞ்சம் இறக்கியது. பிள்ளைப்பேற்றின் சுமையை ஏற்றியது. இரண்டையும் சுமந்தது ஒரே உடம்பு.

முடிவு

கி.மு. 6000 வாக்கில் ஊர் கைவிடப்பட்டது. அரைகல் கைவிடப்படவில்லை. விவசாயம் போன இடமெல்லாம் அதுவும் போனது. பிற்காலத்தில் வேறோர் இடத்தில் செய்த ஆய்வு ஒன்று இதை உறுதிப்படுத்துவதுபோல் வந்தது. மத்திய ஐரோப்பாவில் 7,000 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த உழவர் பெண்களின் மேற்கை எலும்பை, இன்றைய படகுப்போட்டி வீராங்கனைகளின் கையோடு ஒப்பிட்டு 2017இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். உழவர் பெண்களின் மேற்கை 11 முதல் 16 சதவீதம் வரை வலுவாக இருந்தது. படகு வீராங்கனைகள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணின் கனம் புரியும். சுழலும் திரிகை வருவதற்கு இன்னும் பல ஆயிரம் ஆண்டுகள் ஆயின.

இன்று செய்தால் எதை மாற்ற வேண்டும்

முதலில், ஆண் பெண் பிரித்த விதம். பாத எலும்பின் அளவு நல்ல வழிதான். ஆனால் சிறிய உடம்புள்ள ஆண் ஒருவர் பெண் பக்கம் சேர்ந்திருக்கலாம். வெப்பமான மண்ணில் மரபணு சீக்கிரம் சிதையும். பல்லின் மேற்பூச்சான எனாமலில் தங்கும் ஒரு வகைப் புரதத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் முறை இப்போது இருக்கிறது. சந்தேகத்தில் நின்ற அந்த 16 பேருக்கு முதலில் அதைத்தான் செய்ய வேண்டும்.

அடுத்து, மண்டியிடுவது என்றாலே அரைப்பது என்று எடுத்துக்கொண்டது. தோல் சுரண்டவும், மாவு பிசையவும், பாய் முடையவும்கூட மண்டியிடுவார்கள். கட்டைவிரலை மட்டும் பார்த்தால் இவற்றைப் பிரிக்க முடியாது. விரல், முட்டி, முதுகு, தோள் நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்து கிடைத்தால்தான் அரைகல் என்று உறுதியாகச் சொல்ல வேண்டும். கலைந்த எலும்புகளில் அது எல்லா இடத்திலும் சாத்தியமாகவில்லை. நானாக இருந்தால், நான்கும் உறுதியாகச் சேர்ந்தவர்களைத் தனிப் பட்டியலாகவும் மற்றவர்களைத் தனியாகவும் வைத்திருப்பேன்.

மூன்றாவது, அரைகற்கள். இன்று ஒரு கல் தோண்டியெடுக்கும்போது அதைக் கழுவ விடமாட்டார்கள். அதன் துளைகளில் ஒட்டியிருக்கும் மாவுத் துகளில் கோதுமையா, ரையா, பருப்பா என்று பார்ப்பார்கள். கல் எந்த அறையில், எந்தச் சுவரைப் பார்த்து, தரையிலா மேடையிலா இருந்தது என்பதை அளந்து வரைவார்கள். மேடையில் ஏற்றி வைத்த கல் என்றால் நின்றபடி அரைக்கலாம். விரலுக்குப் பாரம் வராது. இந்த ஊர்ப் பெண்களின் விரல் சொல்வது, கல் தரையிலேயே கிடந்தது என்பதை.

திரும்பிப் போய்ப் பார்க்க அங்கே மேடு இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது. மிச்சம் இருப்பது அருங்காட்சியகப் பெட்டிகளில் உள்ள எலும்புகள். அந்தப் பெட்டிகளில் நான் முதலில் தேடச் சொல்வது வளர்ந்த பெண்களின் கட்டைவிரலை அல்ல; எலும்பு முனைகள் இன்னும் ஒட்டி முடியாத சிறுமிகளின் கட்டைவிரலை. எந்த வயதில் ஒரு பெண்பிள்ளையை முதல்முறையாகக் கல்லுக்கு முன்னால் மண்டியிட வைத்தார்கள் என்பது அங்கேதான் இருக்கும்.